ஸ்நேக்கைக் காட்டி ரைடனை இறக்கிய கேம்

கடலுக்கு அடியில் நீந்தி வந்த ஒருவன் ஒரு மேடையில் ஏறுகிறான். முகத்தை முழுக்க மறைத்த முகமூடி. ரேடியோவில் கட்டளையிடும் அதிகாரியான கர்னல் அவனை ‘ஸ்நேக்’ என்றுதான் கூப்பிடுகிறார். குரல் மட்டும் கொஞ்சம் இளசாக இருக்கிறது. சரி, முகமூடிக்குள்ளிருந்து பேசுகிறான், அப்படித்தான் கேட்கும் என்று ஆடுகிறவர் சமாதானம் சொல்லிக்கொள்கிறார். கொஞ்ச நேரத்தில் கர்னல் அவனுடைய ரகசியப் பெயரை மாற்றுகிறார்: இனி நீ ரைடன். அப்புறம் லிஃப்ட் மேலே போகும்போது அவன் முகமூடியைக் கழற்றுகிறான். வெளுத்த பொன்னிற முடி, தாடி மீசை இல்லாத வழுவழுப்பான முகம். ஒன்றரை வருடமாக யாருக்காகக் காத்திருந்தார்களோ அந்த ஆள் இல்லை.

2001 நவம்பரில் வந்த ‘மெட்டல் கியர் சாலிட் 2: சன்ஸ் ஆஃப் லிபர்ட்டி’ கேமில், ஆட்டம் தொடங்கி ஓரிரு மணி நேரம் கழித்து இந்தக் காட்சி வரும். அதுவரை நாயகன் சாலிட் ஸ்நேக். அதற்கப்புறம் கடைசி வரை, பத்து மணி நேரத்துக்கும் மேல், இந்தப் பையன். முதல் நாள் முதல் காட்சிக்கு அடித்துப்பிடித்து டிக்கெட் வாங்கிப் போனால், இடைவேளைக்கு முன்பே ஹீரோ செத்துவிட, பெயர் தெரியாத ஒரு புதுமுகம் வந்து நிற்பதைப் போன்ற சங்கதி. போஸ்டரின் ஓரத்தில்கூட அந்தப் புதுமுகம் இருந்ததில்லை. வீடியோ கேம்களில் இதைவிடத் துணிச்சலான ஆள்மாறாட்டம் நடந்ததாக எனக்குத் தெரியவில்லை. இந்தக் கேம் வாங்கிய திட்டு, பிறகு வாங்கிய புகழ் இரண்டுமே இதிலிருந்து கிளம்பியவைதான்.

மெட்டல் கியர் தொடரே ஒரு இயந்திரத்தின் பலவீனத்தில் பிறந்தது. 1986-ல் கொனாமி நிறுவனத்தில் சேர்ந்த ஹிடியோ கொஜிமாவிடம், எம்எஸ்எக்ஸ்2 என்ற வீட்டுக் கணினிக்கு ஒரு போர் கேம் செய்யும் வேலை வந்தது. போர் என்றால் திரை நிறைய எதிரிகளும் தோட்டாக்களும் வேண்டும். அந்தக் கணினி அவ்வளவையும் ஒரே நேரத்தில் காட்டத் திணறியது. சண்டை போடவைக்க முடியாவிட்டால் சண்டையிலிருந்து ஒளியவைக்கலாமே என்று கொஜிமா திருப்பிப் போட்டார். 1987-ல் ‘மெட்டல் கியர்’ வந்தது. அணு ஆயுதம் ஏவும், நடக்கும் பீரங்கி ஒன்றை அழிக்க ஒற்றை ஆள் எதிரியின் கோட்டைக்குள் புகுகிறான். காவலாளியின் பார்வை படாமல் நகர வேண்டும். நம் ஊர்க் கண்ணாமூச்சிதான், கையில் துப்பாக்கி இருக்கிறது என்பதைத் தவிர. அந்தக் கேமின் பிற்பகுதியில், கட்டளையிடும் அதிகாரியே ரேடியோவில் வந்து ‘உடனே எம்எஸ்எக்ஸை அணைத்துவிடு’ என்கிறார். அவர்தான் வில்லன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

1998-ல் முதல் பிளேஸ்டேஷனுக்கு வந்த ‘மெட்டல் கியர் சாலிட்’ இந்தக் கண்ணாமூச்சியை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. அலாஸ்காவில் ஷேடோ மோசஸ் என்ற தீவு, அணு ஆயுதத்தைக் கைப்பற்றிய கலகக்காரர்கள், தனியாகப் போகும் ஸ்நேக். 60 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. சைக்கோ மேன்டிஸ் என்ற வில்லன், உங்கள் மெமரி கார்டைத் துழாவி நீங்கள் வேறு என்ன கேம் ஆடுகிறீர்கள் என்று சொல்லி மனதைப் படித்ததாகப் பீற்றிக்கொள்வான். அவனை அடிக்க, கண்ட்ரோலரைப் பிடுங்கி இரண்டாவது துளையில் சொருக வேண்டும். திரைக்கு வெளியே உட்கார்ந்திருக்கும் ஆளைச் சீண்டுவது கொஜிமாவுக்குப் பழைய பழக்கம். ரசிகர்களும் அதை ரசித்தார்கள். அடுத்த சீண்டல் இவ்வளவு ஆழமாகக் குத்தும் என்று யாரும் நினைக்கவில்லை.

2000 மே மாதம், லாஸ் ஏஞ்சலஸில் நடந்த ஈ3 வீடியோ கேம் கண்காட்சி. பிளேஸ்டேஷன் 2 ஜப்பானில் வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது, அமெரிக்காவுக்கு வர இன்னும் ஐந்து மாதம். அங்கே ஒன்பது நிமிடம் போல ஒரு டிரெய்லர் ஓடியது. மழை கொட்டும் இரவு, ஜார்ஜ் வாஷிங்டன் பாலம், கீழே போகும் எண்ணெய்க் கப்பல், அதற்குள் ஸ்நேக். சண்டையில் பாட்டில்கள் ஒவ்வொன்றாக உடைந்து சிதறின. தலைவலி பிடிக்கும் அளவுக்குப் புது கன்சோல்களைப் பற்றிப் புள்ளிவிவரம் பேசிக்கொண்டிருந்த காலத்தில், இந்தப் பெட்டியை ஏன் வாங்க வேண்டும் என்பதற்கு அந்த ஒன்பது நிமிடமே பதிலாகிவிட்டது. டயல்-அப் இணைப்பில் ராத்திரி முழுக்க டவுன்லோட் போட்டு, காலையில் அரை உள்ளங்கை அகலத்தில் மங்கலாகப் பார்த்த தலைமுறை அது. 2001 மார்ச்சில் ‘ஜோன் ஆஃப் தி எண்டர்ஸ்’ என்ற வேறொரு கேமோடு இதன் டெமோ வந்தது. அந்த டெமோவுக்காகவே அந்தக் கேமை வாங்கியவர்கள் ஏராளம். டெமோவிலும் கப்பல், டெமோவிலும் ஸ்நேக்.

பின்னால் வந்த டிரெய்லர்களில் கதையின் இரண்டாம் பாதி நடக்கும் இடங்களும் வந்தன. அங்கேயும் ஸ்நேக்கையே காட்டினார்கள். கேமில் அந்த இடங்களில் நிற்பது ரைடன். கதை தெரிந்துவிடக் கூடாது என்று ஒரு பாத்திரத்தை மறைத்து வைப்பது சாதாரணம். இல்லாத காட்சியை உருவாக்கிக் காட்டி நம்பவைப்பது வேறு வகை.

கப்பல் பகுதியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் இந்தக் கேமைத் திட்டியவர்கள்கூட அதைத் திட்டவில்லை. 1998 கேமின் காவலாளிகள் மந்தமானவர்கள். ஒரு மூலையில் ஒளிந்து கொஞ்ச நேரம் காத்திருந்தால் எல்லாவற்றையும் மறந்து ரோந்துக்குத் திரும்பிவிடுவார்கள். இதில் அப்படி இல்லை. ஒருவன் உங்களைப் பார்த்தால் முதலில் இடுப்பு ரேடியோவை எடுத்துச் சொல்வான். அவன் சொல்லி முடிப்பதற்குள் அந்த ரேடியோவைச் சுட்டு நொறுக்கிவிட்டால் தப்பிக்கலாம். ஆளையே சாய்த்துவிட்டீர்களா, ரேடியோவில் குறித்த நேரத்தில் அவன் பதில் தராததைத் தலைமையிடம் கவனித்து, என்ன ஆயிற்று என்று பார்க்க ஆளனுப்பும். மயக்க ஊசியில் தூங்குகிறவனைச் சக காவலாளி எட்டி உதைத்து எழுப்புவான். அதனால் உடலை இழுத்துக்கொண்டுபோய் லாக்கருக்குள் திணிக்க வேண்டும். தேடும் படை வந்தால் அந்த லாக்கர்களையும் விடாது. மழையில் அதிக நேரம் நின்றால் சளி பிடிக்கும். காவலாளிக்குப் பக்கத்தில் மூச்சைப் பிடித்து நிற்கும்போது தும்மல் வரும்.

கப்பலின் மதுக் கூடத்தில் ஒரு ஐஸ் வாளி இருக்கிறது. அதைச் சுட்டால் கட்டிகள் கவுண்டரில் சிதறும். அப்படியே பார்த்துக்கொண்டிருந்தால் ஒவ்வொன்றும் தன் போக்கில் உருகும். இதனால் ஆட்டத்துக்கு எந்தப் பிரயோஜனமும் இல்லை. ஆனால் 2001-ல் அந்த ஐஸ் உருகுவதைக் காட்டத்தான் நண்பர்களை வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். உலகம் முழுக்க உயிரோடு இருப்பது போன்ற ஒரு நம்பிக்கையை அந்த ஐஸ் தந்தது. கொஜிமாவின் தந்திரமும் இதில்தான் இருக்கிறது. இவ்வளவு நம்பவைத்த பிறகுதானே ஏமாற்ற முடியும்.

கப்பல் மூழ்குகிறது. ஸ்நேக் மேல் பழி விழுகிறது, அவன் செத்ததாகவும் சொல்லப்படுகிறது. கதை 2007-லிருந்து 2009 ஏப்ரலுக்குத் தாவுகிறது. கடலில் கொட்டிய எண்ணெயைச் சுத்தம் செய்ய மன்ஹாட்டனுக்கு அப்பால் கட்டிய ‘பிக் ஷெல்’ என்ற கடல் நிலையத்தை ஒரு கும்பல் பிடித்து, அமெரிக்க அதிபரைப் பணயமாக வைத்திருக்கிறது. அங்கேதான் ரைடன் வருகிறான். மழை இருட்டு போய் வெட்டவெளி வெளிச்சம், எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி ஆரஞ்சு நிறக் கட்டடங்கள். பாலத்தில் ஓடினால் கடற்பறவைகளின் எச்சத்தை மிதித்துச் சறுக்கி விழுகிறான். அதிபர் அவனைச் சந்திக்கும்போது ஆணா பெண்ணா என்று கையால் சோதித்துப் பார்க்கிறார். வழியில் ‘பிளிஸ்கின்’ என்று பெயர் சொல்லிக்கொண்டு ஒரு கடற்படை வீரன் வருகிறான். ஸ்நேக்கின் குரல், ஸ்நேக்கின் பேச்சு. ஆடுகிறவருக்குத் தெரிகிறது, ரைடனுக்கு மட்டும் தெரியவில்லை. நாம் ஆக விரும்பிய ஆள் நம் பக்கத்திலேயே சிகரெட்டோடு உட்கார்ந்திருக்க, நாம் வேறு யாராகவோ மாட்டிக்கொண்டிருக்கிறோம். இந்த எரிச்சல் லேசானதல்ல.

விமர்சகர்களுக்கு அந்த எரிச்சல் அவ்வளவாக இல்லை. மெட்டாகிரிட்டிக் தளத்தில் விமர்சன சராசரி நூற்றுக்கு 96. ஜப்பானின் ‘ஃபாமிட்சு’ இதழ் 40-க்கு 38 கொடுத்தது. ஏறக்குறைய 70 லட்சம் பிரதிகள் போயின. எண்களை மட்டும் பார்த்தால் பிரச்சினையே இல்லாத வெற்றி. காசு கொடுத்து வாங்கிய ரசிகர்களோ கொதித்தார்கள். ஸ்நேக் எங்கே என்பது முதல் கோபம். இந்தப் பையன் பெண் மாதிரி இருக்கிறான், சதா காதலியோடு சிணுங்குகிறான் என்பது இரண்டாவது. அதில் பாதி ஆண் ரசிகர்களின் சங்கடம் என்பேன். கதை புரியவில்லை என்பது மூன்றாவது. இந்த மூன்றாவது கோபத்தில் நியாயம் இருந்தது.

ஏன் ரைடன் என்பதற்கு கொஜிமா சொன்ன காரணங்களில் ஒன்று, ஷெர்லாக் ஹோம்ஸுக்கு ஒரு வாட்சன் வேண்டியிருப்பதைப் போல, ஸ்நேக் என்ற வீரனை வெளியிலிருந்து பார்க்க இன்னொரு கண் வேண்டும் என்பது. பெண் ரசிகர்களையும் இழுக்கும் நாயகன் வேண்டும் என்ற எண்ணமும் இருந்தது. இரண்டும் உண்மையாக இருக்கலாம். கேமுக்குள் இருக்கும் காரணம் இதைவிட விஷமமானது.

இந்தப் படையில் ரைடனுக்கு இதுதான் முதல் பணி. கணினி உருவாக்கிய மெய்நிகர் பயிற்சியில் 300 பணிகளை முடித்திருக்கிறேன், ஒரு பெரிய வீரனைப் போலவே உணர்கிறேன் என்று பெருமையாகச் சொல்கிறான். ஷேடோ மோசஸையும் அப்படிப் பயிற்சியாகத்தான் செய்திருக்கிறான். 1999-ல் கொனாமி ‘விஆர் மிஷன்ஸ்’ என்று ஒரு தனித் தட்டையே விற்றது. அதிலும் 300 பணிகள்தான். வரவேற்பறையில் கால் நீட்டி உட்கார்ந்து, கண்ட்ரோலரைப் பிடித்துக்கொண்டு, தன்னை ஸ்நேக் என்று நினைத்துக்கொண்ட ஒருவனைக் கொஜிமா அச்சு அசலாக வரைந்து திரையில் நிறுத்திவிட்டார். ரசிகர்கள் திரையைப் பார்த்து, யார் இந்த உதவாக்கரை என்றார்கள்.

கதை போகப் போக, பிக் ஷெல்லில் நடப்பவை எல்லாம் எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கும். இங்கேயும் பாதி மனிதனும் பாதி இயந்திரமுமான ஒரு சைபார்க் நிஞ்சா, இங்கேயும் ஒரு பறக்கும் போர் வாகனத்தோடு மேல்தளச் சண்டை, இங்கேயும் ஒரு சித்திரவதை அறை. சரக்கு தீர்ந்துபோய் முதல் கேமையே திரும்ப எடுத்திருக்கிறார்கள் என்று தோன்றும். கடைசியில் ஓசலாட் என்ற வில்லன் வந்து அதையே சொல்கிறான்: எல்லாமே ஷேடோ மோசஸின் மறு அரங்கேற்றம், சாதாரண ஆளை அதே சூழ்நிலைக்குள் தள்ளினால் ஸ்நேக் ஆவானா என்ற பரிசோதனை. ரசிகர்கள் கேட்டது முதல் கேமின் அனுபவம் மறுபடியும். கிடைத்தது அதேதான், ஆய்வுக்கூட எலிக்குக் கொடுப்பதைப் போல.

இதற்குள் ரைடனைப் பிடித்து, உடைகளை உருவி, கட்டிப்போட்டிருப்பார்கள். தப்பித்தபின் இரண்டு கைகளாலும் மானத்தை மறைத்துக்கொண்டு ஓட வேண்டும். கைகள் மறைப்பதில் இருப்பதால் சண்டை போடவும் முடியாது. அந்த நேரத்தில் கர்னலிடமிருந்து ரேடியோ அழைப்புகள் வரத் தொடங்கும். முதலில் கொஞ்சம் தடுமாற்றம். பிறகு சம்பந்தமில்லாத உளறல். கத்தரிக்கோல் வேண்டும் என்கிறார். பறக்கும் தட்டைப் பார்த்த கதையை நீட்டி முழக்குகிறார். முகம் இருக்கவேண்டிய இடத்தில் மண்டையோடு மின்னி மறைகிறது. ரொம்ப நேரமாக ஆடுகிறாய், கன்சோலை அணைத்துவிடு என்கிறார். 1987-ல் வில்லன் சொன்ன அதே வசனம். முதல் முறை ஆடுகிறவர்களில் சிலர் டிஸ்க்கில் கீறல் விழுந்துவிட்டதோ என்று பயந்திருப்பார்கள்.

அப்புறம் ஸ்நேக்கோடு சேர்ந்து ஒரு படையை எதிர்க்கும் சண்டை. நடுவில் திடீரென்று தோல்வித் திரை வந்துவிடும். செத்துவிட்டோம் என்று கண்ட்ரோலரைக் கீழே வைக்கப் போனால், ஏதோ சரியில்லை. வழக்கமாக ‘மிஷன் ஃபெயில்டு’ என்று இருக்கவேண்டிய இடத்தில் ‘ஃபிஷன் மெயில்டு’ என்றிருக்கிறது. மூலையில் இருக்கும் சின்னக் கட்டத்துக்குள் சண்டை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. அந்தத் தீப்பெட்டி அளவுத் திரையைப் பார்த்துக்கொண்டே வாளைச் சுழற்ற வேண்டும். இரண்டு எழுத்துகள் இடம் மாறியதைக் கவனிக்காமல் கை ஓய்ந்தவர்கள் அங்கேயே நிஜமாகச் செத்தார்கள்.

கர்னல் என்று ஒரு மனிதர் இல்லவே இல்லை. ஸ்நேக் தரப்பிலிருந்து, அவரை எப்போதாவது நேரில் பார்த்திருக்கிறாயா என்று ஒரு கேள்வி வரும்போதுதான் ரைடனுக்கே உறைக்கிறது. அது ஒரு செயற்கை நுண்ணறிவு. ரைடனின் மூளையிலிருந்தே, அவன் எந்த மாதிரி அதிகாரியை எதிர்பார்ப்பானோ அதை எடுத்துச் செய்த உருவம். கடைசிச் சண்டைக்குச் சற்று முன், கர்னலின் முகத்திலும் காதலி ரோஸின் முகத்திலும் மாறி மாறி வந்து அது ஒரு நீண்ட விளக்கம் கொடுக்கிறது. இன்று இந்தக் கேமைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் இந்தப் பத்து நிமிடத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.

சாராம்சம் இது. மரபணுக்களில் ஏறாத விஷயங்கள் இருக்கின்றன: மொழி, பழக்கம், வரலாறு, நம்பிக்கை. அவற்றையும் காலம் சலித்துத்தான் அடுத்த தலைமுறைக்குக் கொடுத்துவந்தது. டிஜிட்டல் உலகத்தில் அந்தச் சல்லடை இல்லை. வதந்தி, அரைகுறைப் புரிதல், அவதூறு எல்லாம் அப்படியே சேமிக்கப்படுகின்றன, மக்குவதில்லை. ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்த உண்மையை எடுத்துக்கொண்டு தன் சின்னக் குட்டைக்குள் ஒதுங்கிக்கொள்வார்கள். மோதிப் பார்த்து எது தவறு என்று யாரும் தீர்மானிக்கமாட்டார்கள், அதனால் எல்லோரும் சரி, யாருமே சரியில்லை. ஆகவே தகவலைத் தடுப்பது எங்கள் நோக்கமில்லை, எது எந்தச் சூழலில் கண்ணில் பட வேண்டும் என்பதை நாங்கள் அமைப்போம் என்கிறது அந்த இயந்திரம். சுதந்திரம் என் உரிமை என்று ரைடன் கத்தும்போது, சொன்னதை எல்லாம் ஏன் என்று கேட்காமல் செய்தவன்தானே நீ என்று மடக்குகிறது. கண்ட்ரோலரைப் பிடித்திருப்பவரின் கதையும் அதுவே. கதவைத் திற என்றார்கள், திறந்தார். அவனைக் கொல் என்றார்கள், கொன்றார்.

2001-ல் இதைக் கேட்டவர்கள் சலித்துப்போனார்கள். ஃபேஸ்புக் வர மூன்று வருடம், யூடியூப் வர நான்கு வருடம், ட்விட்டர் வர ஐந்து வருடம் இருந்தது. இணையம் என்றால் எல்லோரையும் விடுதலை செய்யப்போகும் நல்ல சங்கதி என்ற நம்பிக்கை காற்றில் இருந்தது. ரோபோவை உடைக்க வந்த இடத்தில் இது என்ன பிரசங்கம்?

வெளியீட்டுக்கு இரண்டே மாதம் இருக்கும்போது செப்டம்பர் 11 தாக்குதல் நடந்தது. கேமின் முடிவில் ‘ஆர்சனல் கியர்’ என்ற ராட்சத மிதக்கும் கோட்டை மன்ஹாட்டனில் மோதி ஏறுவதாக ஒரு காட்சி இருந்தது. கடைசிச் சண்டை வால் ஸ்ட்ரீட்டில் உள்ள ஃபெடரல் ஹாலின் கூரையில் நடக்கிறது. 1789 ஏப்ரல் 30 அன்று ஜார்ஜ் வாஷிங்டன் பதவியேற்ற இடம் அது, கதை முடியும் நாளும் ஏப்ரல் 30. அங்கே ரைடன் கொடிக் கயிற்றை அறுக்க, செத்துக் கிடக்கும் வில்லன் சாலிடஸ் மேல் அமெரிக்கக் கொடி விழுவதாக இன்னொரு காட்சி. இரண்டையும் வெட்டினார்கள். ஜப்பானியப் பதிப்பில் ரைடனின் பெயரைக் கட்டகானா எழுத்தில் எழுதினால் பின் லாடன் பெயரைப் போலத் தெரிகிறது என்று கான்ஜி என்ற இன்னொரு எழுத்துமுறைக்கு மாற்றினார்கள். மோதும் காட்சி போனதால், கோட்டைக்குள் நின்றுகொண்டிருந்தவர்கள் கண்மூடித் திறப்பதற்குள் ஒரு கூரையில் கிடக்கிறார்கள். முடிவு புரியவில்லை என்று திட்டியவர்கள் பலருக்கு, அதில் ஒரு பகுதியை வரலாறு வெட்டியது என்று அப்போது தெரியாது.

மிச்சக் குழப்பத்துக்கு வரலாற்றைக் குறை சொல்ல முடியாது. கேமைச் சேமிக்க ஒவ்வொரு முறையும் ரோஸை ரேடியோவில் அழைக்க வேண்டும். அழைத்தால், நாளைக்கு என்ன நாள் என்று ஞாபகம் இருக்கிறதா என்பாள். வெடிகுண்டுகளைச் செயலிழக்கச் செய்துகொண்டிருப்பவனிடம்! எமா என்ற பெண்ணைத் தண்ணீருக்கடியில் இழுத்துக்கொண்டு நீந்தும் கட்டம் இன்று ஆடினாலும் பல்லைக் கடிக்கவைக்கும். கடைசி ஒரு மணி நேரத்தில் ஒருவர் பேசி முடித்தால் இன்னொருவர் தொடங்குகிறார். இவை எல்லாம் திட்டமிட்ட கலை என்று நியாயப்படுத்துகிற தீவிர ரசிகர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கத்தரி போட ஆளில்லாமல் எழுதியதன் விளைவு அது.

ரசிகர்களின் கோபம் கொஜிமாவின் காதுக்குப் போகாமல் இல்லை. 2004-ல் வந்த மூன்றாம் பாகம் 1964-க்குப் பின்னோக்கிப் போய், காடும் பாம்பும் சாப்பாடும் என்று நேர்கோட்டில் கதை சொன்னது. அதில் ரைடனைப் போலவே இருக்கும் ஒரு ராணுவ அதிகாரியை வைத்து எல்லோரும் கேலி செய்கிறார்கள். ஆட்டம் தொடங்கும்போது இந்தத் தொடரில் உங்களுக்கு எது பிடிக்கும் என்று கேட்கும். இரண்டாம் பாகம் என்று சொன்னால், நாயகன் ரைடனின் முகமூடியைப் போட்டுக்கொண்டு வருவான், நீங்கள் அடடா என்று சொல்வதற்குள் கழற்றியும் விடுவான். 2008-ல் நான்காம் பாகத்தில் ரைடன் வாளேந்திய சைபார்க்காகத் திரும்பினான், அடித்த அடியில் பழைய கேலிகள் வாயடைத்தன. 2013-ல் ‘மெட்டல் கியர் ரைசிங்’ அவனை முழு நாயகனாக்கியது. அந்தக் கேமின் செனட்டர் வில்லன் சில வருடம் கழித்து இணையம் முழுக்க மீம் ஆனார். மீம் என்ற சொல்லை அதன் பழைய, ரிச்சர்ட் டாக்கின்ஸ் கொடுத்த பொருளில் (மனதிலிருந்து மனதுக்குத் தாவிப் பரவும் கருத்து) மையமாக வைத்த கேமின் வாரிசுக்கு இப்படி ஒரு கொடுப்பினை.

நான்காம் பாகம் ஒரு கெடுதலும் செய்தது. இரண்டாம் பாகத்தின் கடைசிக் காட்சியில், அமெரிக்காவைப் பின்னாலிருந்து ஆட்டுவிக்கும் ‘தேசபக்தர்கள்’ பன்னிரண்டு பேரின் பெயர்ப் பட்டியல் கிடைக்கிறது. சரிபார்த்தால் பன்னிரண்டு பேரும் நூறு வருடத்துக்கு முன்பே செத்தவர்கள். அங்கேயே கதை நின்றுவிடும். தொடரிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. நான்காம் பாகம் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் விடை எழுதி, அந்த இருட்டில் டியூப்லைட் போட்டுவிட்டது.

மறுவாசிப்பு மெதுவாகத்தான் வந்தது. 2000-களின் நடுவிலேயே சிலர் இதை நீண்ட கட்டுரைகளில் அலசினார்கள், அது கேம் பைத்தியங்களின் வட்டத்துக்குள் நின்றது. 2016-ல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதி ‘உண்மைக்கு அப்பால்’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லை ஆண்டின் சொல்லாக அறிவித்த காலத்தை ஒட்டி, அந்தப் பத்து நிமிட உரையாடல் யூடியூபில் மறுபடி மறுபடி பகிரப்பட்டது. எதை எந்த வரிசையில் நமக்குக் காட்டுவது என்று அல்காரிதம் தீர்மானிக்கிறது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு ஃபார்வர்டு பொய் என்று நிரூபித்தாலும் அடுத்த வாரம் அதுவே திரும்பி வருகிறது. அன்று பிரசங்கம் என்று தள்ளியவர்களே தீர்க்கதரிசனம் என்று பேச ஆரம்பித்தார்கள்.

தீர்க்கதரிசனம் என்ற பட்டம் கொஞ்சம் மிகை. இணையத்தில் பொய் பெருகும் என்ற கவலை 2001-ல் புதிதில்லை. கேமில் வரும் இயந்திரத்துக்கு ஒரு திட்டம் இருக்கிறது, சமூகத்தைக் காப்பாற்றுகிறோம் என்ற ஒரு கொள்கை இருக்கிறது. நமக்கு வாய்த்த அல்காரிதங்களுக்கு அப்படி ஒரு கொள்கையும் கிடையாது, இன்னும் கொஞ்ச நேரம் திரையைப் பார்க்கவைத்தால் போதும். கேம் சொன்னதைவிடச் செய்ததுதான் என்னைக் கவர்கிறது. எதை எந்தச் சூழலில் காட்டினால் ஆள் என்ன நம்புவான் என்று உரையாடலில் இயந்திரம் விளக்குவதற்கு ஒரு வருடம் முன்பே, டிரெய்லர்கள் அதை ஆடுகிறவர்கள் மேல் செய்து முடித்துவிட்டன. லட்சக்கணக்கானவர்கள் தங்களுக்குப் பிடித்த உண்மையை நம்பி வரிசையில் நின்று வாங்கினார்கள். ஏமாந்தது தெரிந்தபோது வந்த கோபம், அந்தப் பாடம் சரியாகப் போய்ச் சேர்ந்ததற்கான ரசீது.

அந்த அனுபவம் இனி யாருக்கும் கிடைக்காது. 2023 அக்டோபரில் பழைய பாகங்களைச் சேர்த்து ‘மாஸ்டர் கலெக்‌ஷன்’ என்ற தொகுப்பு வந்தது. அதில் முதல் முறையாக இதை ஆடும் இருபது வயதுக்காரருக்கு ரைடனை ஏற்கெனவே தெரியும், மீம்களிலிருந்தே தெரியும். முகமூடி கழலும்போது ‘அட, நம்ம ரைடன்’ என்பார்.

ஒரு விஷயம் மட்டும் அப்படியே இருக்கிறது. லிஃப்டில் ஏறுவதற்கு முன், ரைடன் அங்கே இருக்கும் ஒரு கணினியில் நுழைய வேண்டும். அது பெயர், பிறந்த தேதி, ரத்த வகை, நாடு எல்லாம் கேட்கும். ரைடனுடையதை அல்ல, உங்களுடையதை. நான் முதல் முறை ஆடியபோது அடுத்த சண்டைக்குப் போகும் அவசரத்தில் ஏ என்ற ஆங்கில எழுத்தை நாலைந்து முறை தட்டிவிட்டு நகர்ந்துவிட்டேன். எல்லாம் முடிந்தபின், விடிந்த வால் ஸ்ட்ரீட்டில் கூட்டத்துக்கு நடுவே நிற்கும் ரைடனின் கழுத்தில் ராணுவ அடையாளத் தகடு தொங்குகிறது. யார் பெயர், தெரிந்த ஆளா என்று ஸ்நேக் கேட்கிறான். இல்லை, கேள்விப்பட்டதே இல்லை என்று சொல்லிவிட்டு ரைடன் அதைக் கழற்றி வீசுகிறான். வீசுவதற்கு முன் தகடு ஒரு கணம் திரையில் பெரிதாகத் தெரிகிறது. அதில் வரிசையாக ஏ, ஏ, ஏ, ஏ.